மூடியில் நான்கு போல்ட்: வாசகர் கேள்வி – பதில்

எரிவாயு, கரைப்பான் ஆவி, தூசி பரவும் தொழிற்கூடங்களில் கருவிகளைப் பரிசோதிக்கும் வேலையில் 33 வருஷம் இருந்தவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

தஞ்சாவூர் பக்கம் தவிட்டு எண்ணெய் எடுக்கும் சால்வென்ட் பிளாண்டில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். மோட்டார், லைட், புஷ் பட்டன் எல்லாமே எஃப்.எல்.பி. (ஃப்ளேம்ப்ரூஃப், அதாவது உள்ளே பற்றினாலும் தீயை வெளியே விடாத கூடு). வெடிபொருள், பெட்ரோலியப் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அனுமதி முதல் டெஸ்ட் ரிப்போர்ட் வரை ஃபைலில் பக்காவாக இருக்கிறது. போன மாதம் ஆடிட்டுக்கு வந்தவர் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு நாள் முழுக்கச் சுற்றினார். 31 குறை எழுதிக் கொடுத்தார். சான்று வாங்கிய பொருளில் எப்படி ஐயா குறை வரும்? முதலாளி என்னைத்தான் கேட்கிறார்.

ஃபைலில் இருப்பது அந்தப் பொருள் கம்பெனியை விட்டுக் கிளம்பிய அன்றைய நிலைமை. ஆடிட்டர் எழுதியது இன்றைய நிலைமை. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி ஒரு மனிதரின் கையை நான் கெடுத்திருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். உங்களுடையதைப் போன்ற ஒரு சால்வென்ட் பிளாண்ட்தான், பெயர் வேண்டாம். எண்ணெயைப் பிரிக்கும் கரைப்பானான ஹெக்சேனின் பம்புக்கு அருகே ஒரு எஃப்.எல்.பி. புஷ் பட்டன் பெட்டி இருந்தது. இரவு ஷிஃப்டில் பம்ப் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிட்டார்கள். சப்ளையை நிறுத்தி, மூடியைக் கழற்றி, கருகிப்போன கான்டாக்ட்டை மாற்றினேன். மூடிக்கு நான்கு போல்ட். அதில் இரண்டுக்கு மரை தேய்ந்து வழுக்கியது. ஸ்டோரில் அந்த அளவு இல்லை. குறுக்காக இரண்டை மட்டும் போட்டு இறுக்கி, கையால் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. மீதியைக் காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். காலையில் வேறு வேலை வந்தது, மறந்துபோனேன்.

ஐந்து மாதம் கழித்து அந்தப் பம்பின் மெக்கானிக்கல் சீல் கசிந்தது. ஆபரேட்டர் அண்ணன் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார்: ஓடிப்போய் ஸ்டாப் பட்டனை அழுத்தினார். உள்ளே கான்டாக்ட் பிரியும்போது வருகிற சின்னப் பொறி, அதற்குள் பெட்டிக்குள் புகுந்திருந்த ஆவியைப் பற்றவைத்தது. மூடியின் ஒரு பக்கத்திலிருந்து நீலமாக ஒரு கீற்று வந்ததைப் பார்த்தேன் என்றார். வலது முன்கை முழுக்கத் தோல் உரிந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான்கு போல்ட்டும் இருந்திருந்தால் அவருக்கு 'டப்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

எஃப்.எல்.பி. பெட்டிக்குள் காஸ் போகாது என்றுதான் அநேகம் பேர் நினைக்கிறார்கள். போகும். பெட்டி சூடாகும்போது உள்காற்று வெளியே வரும், ஆறும்போது வெளிக்காற்று உள்ளே போகும். உள்ளே வெடிக்கும் என்று தெரிந்தேதான் அதைச் செய்கிறார்கள். வெடிப்பைத் தாங்குவதற்குக் கனமான வார்ப்பு. தீ வெளியேறும் வழியில், மூடியும் உடலும் சேரும் இடத்தில், அகலமான வழுவழுப்பான முகம். அந்த மெல்லிய இடுக்கில் நுழைந்து வருவதற்குள் தீயின் சூட்டை உலோகம் உறிஞ்சிவிடும். வெளியே வரும் வாயுவுக்கு அங்கே இருக்கிற ஆவியைப் பற்றவைக்கத் தெம்பு இருக்காது. ஆய்வுக்கூடத்தில் 25 மில்லிமீட்டர் நீள இடுக்கு வழியாக ஹெக்சேன் தீ தாண்டாத அதிகபட்ச இடைவெளி சுமார் 0.93 மில்லிமீட்டர். ஹைட்ரஜனுக்கு 0.29 தான். கருவியில் அனுமதிப்பது அதைவிடவும் குறைவு. இரண்டு போல்ட்டில் தொங்கிய என் மூடி, உள்ளே அழுத்தம் எழுந்த கணத்தில் ஒரு பக்கம் வாயைத் திறந்திருக்கும்.

இனி உங்கள் 31 குறை. பட்டியலை நான் பார்க்கவில்லை. ஆனாலும் வழக்கமாக அகப்படுவது எவை என்று தெரியும். மழைத்தண்ணீர் போகக் கூடாது என்று மூடி இடுக்கில் சிலிக்கான் பூசியிருப்பீர்கள். பூசை போடும்போது மோட்டாருக்கு அடித்த பெயிண்ட் அந்த முகத்தில் படிந்திருக்கும். இரண்டுமே வரைபடத்தில் இல்லாத பொருள். இடுக்கு இருக்க வேண்டிய அளவில் இருக்காது, வாயு போக வேண்டிய விதத்தில் போகாது. கேபிள் உள்ளே போகும் இடத்தில் எஃப்.எல்.பி. கிளாண்டுக்குப் பதில் சாதாரண பித்தளைக் கிளாண்ட் இருக்கும். கேபிள் எடுத்துவிட்ட ஓட்டையில் பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். லைட்டுக்குள் பழைய சோடியம் பல்பை எடுத்துவிட்டு யாரோ கடை எல்.இ.டி.யைப் பொருத்தியிருப்பார்கள். அந்த நிமிஷமே அந்த லைட்டின் சான்று செல்லாது, சான்று விவரம் பொறித்த பிளேட் மட்டும் பழையபடி பளபளக்கும்.

இந்தப் பரிசோதனைக்கென்றே ஐ.எஸ்./ஐ.இ.சி. 60079-17 என்ற தரநிலை இருக்கிறது. மூன்று விதமாகப் பார்க்கச் சொல்கிறது. ஒன்று, நடந்துபோகும்போது கண்ணுக்குப் படுவது, அதாவது இல்லாத போல்ட், உடைந்த கண்ணாடி. இரண்டு, கிட்டப் போய், ஏணி வைத்து, ஸ்பானரால் தொட்டுப் பார்த்து இறுக்கம் சோதிப்பது. மூன்று, சப்ளையை நிறுத்தித் திறந்து உள்ளே பார்ப்பது. புதிதாக மாட்டியதும் மூன்றாவது விதம் கட்டாயம். பிறகு வரும் இரு பரிசோதனைகளுக்கு நடுவே மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. கையில் எடுத்துப் போகும் கருவிக்கு ஒரு வருஷம்தான். உங்கள் ஃபைலில் மூன்றாவது விதத்துக்கான தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்திருந்தால் அந்த 31 குறையில் பாதியை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

பிளேட்டையும் இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எளிதில் பற்றும் தன்மையை வைத்துக் காஸ்களைப் பிரித்த தொகுதிகளில் ஹெக்சேன் டூ-ஏ. தானே பற்றும் வெப்பநிலை சுமார் 230 டிகிரி. ஆகவே மேற்பரப்பு 200-ஐத் தாண்டாத டி-3, அல்லது அதைவிடக் குளிர்ச்சியான டி-4, டி-5, டி-6 வேண்டும். டி-2 என்று பொறித்த மோட்டார் 300 வரை போகலாம். எஃப்.எல்.பி. தான், சான்று உள்ளதுதான், ஆனாலும் உங்கள் பிளாண்டுக்கு ஆகாது. சான்று எண்ணின் கடைசியில் 'எக்ஸ்' என்ற எழுத்து இருந்தால் சிறப்பு நிபந்தனை உண்டு என்று அர்த்தம். அந்த நிபந்தனை பிளேட்டில் இருக்காது, சான்றிதழுக்குள் இருக்கும். அதைப் படித்துப் பார்த்த பராமரிப்புக்காரரை நான் அபூர்வமாகத்தான் சந்தித்திருக்கிறேன்.

முதலாளியிடம் ஆடிட்டர் மேல் புகார் சொல்லாதீர்கள் தம்பி. முதலாளியையே அழைத்துக்கொண்டு போய் ஒரு மூடியைத் திறந்து காட்டுங்கள்.

ராணிப்பேட்டையில் தோல் ஃபினிஷிங் செய்கிறோம். ஸ்பிரே பகுதியில் டொலுயின், ப்யூட்டைல் அசிடேட் புழங்குகிறது. லைட்டுகளில் டி-6 என்று போட்டிருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று விற்றவர் சொன்னார். மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே 46 டிகிரி வரை போகிறது. கவலைப்பட வேண்டுமா?

டி-6 என்றால் மேற்பரப்பு 85 டிகிரிக்கு மேல் போகாது என்ற உறுதி. ஆனால் அந்த உறுதி எந்தச் சூழலுக்கு? பிளேட்டில் தனியாக எழுதாவிட்டால் சுற்றுப்புறம் மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரை என்று வைத்துக்கொள்ள வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை வெயிலுக்கு இந்த 40 போதாது. உங்கள் கூரைக்குக் கீழே 46 என்றால் லைட்டின் மேற்பரப்பும் அதற்கேற்ப ஏறும். அது இனி டி-6 இல்லை.

பயப்பட வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு கரைப்பானும் தானே பற்றுவது 350-க்கு மேலே. லைட்டின் சூட்டால் மட்டும் அவை பற்றாது. நான் கவலைப்படுவது உள்ளே இருக்கிற எல்.இ.டி. டிரைவருக்கும் ரப்பர் சீலுக்கும் கண்ணாடியை ஒட்டியிருக்கிற சிமென்ட்டுக்கும். அவை 40-க்குச் சோதிக்கப்பட்டவை. வருஷா வருஷம் இரண்டு மாதம் வறுபட்டால் விரிசல் விடும். அடுத்த தடவை ஆர்டர் போடும்போது சுற்றுப்புறம் 55 டிகிரி வரை என்று சான்றிலும் பிளேட்டிலும் இருக்கிற லைட்டைக் கேளுங்கள்.

'உயர்ந்தது' என்ற பேச்சே வேண்டாம். கார்பன் டைசல்ஃபைடு புழங்கும் இடத்துக்கு டி-6 இல்லாமல் முடியாது, அது 100 டிகிரியை ஒட்டியே பற்றும். உங்கள் வேலைக்கு அவ்வளவு தேவையே இல்லை.

கோயம்புத்தூரில் 18 வருஷமாக மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அவ்வப்போது எஃப்.எல்.பி. மோட்டாரும் வரும். சாதாரண மோட்டாரைப் போலத்தான் கட்டிக் கொடுக்கிறேன். இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. ஒரு கம்பெனி மட்டும், 'உங்களிடம் கட்டக் கூடாது என்று ஆடிட்டர் சொல்கிறார்' என்று திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். என் வேலையில் என்ன குற்றம்?

என் அப்பா வைண்டிங்காரர். திண்டுக்கல்லில் ஒற்றை அறைப் பட்டறை. வார்னிஷ் வாசனையில்தான் நான் வளர்ந்தேன். உங்கள் கைத்திறனை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

சுற்றுக் கம்பியை நீங்கள் சரியாகத்தான் கட்டுகிறீர்கள். ஆபத்து லேத்தில் இருக்கிறது. பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் மோட்டாரின் முனை மூடியான எண்ட் ஷீல்டைக் கடைந்து புஷ் போடுவீர்கள். சாதாரண மோட்டாருக்கு அது நல்ல வேலை. எஃப்.எல்.பி. மோட்டாரில் ஷாஃப்ட் வெளியே வரும் வளையமும், எண்ட் ஷீல்டு உடலோடு சேரும் விளிம்பும்தான் தீயைக் குளிரவைக்கும் இடுக்கு. அங்கே ஒரு நூலளவு கடைந்தாலும் இடைவெளி கூடும், கண்ணுக்குத் தெரியாது. டெர்மினல் பெட்டியின் முகம் துருப்பிடித்திருந்தால் எமரித் தாளால் தேய்ப்பதும் அப்படித்தான். உலோகம் அல்லாத சுரண்டியும் அரிக்காத கரைப்பானும் மட்டும் பயன்படுத்துங்கள். பிறகு இறுகிப்போகாத கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். பழைய கேஸ்கெட் இல்லை என்று கார்க் ஷீட்டை வெட்டிப் போடாதீர்கள். கம்பியின் இன்சுலேஷன் வகுப்பையும் மாற்றாதீர்கள், கூலிங் ஃபேனையும் மாற்றாதீர்கள். இரண்டும் அந்த டி-எண்ணோடு சம்பந்தப்பட்டவை.

இந்த வேலைக்கென்று 60079-19 என்ற பகுதியே இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டு, தயாரிப்பாளரின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, பிரிக்கும்போதும் பூட்டும்போதும் ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து எழுதிக் கொடுத்தால், அந்தக் கம்பெனிக்குத் திருப்பிச் சொல்ல உங்களிடம் பேச்சு இருக்கும். வரைபடம் இல்லாத மோட்டாரை வாங்கிக்கொள்ளாதீர்கள், நஷ்டம் என்றாலும். 'இதுவரை புகார் இல்லை' என்பது காஸ் கசியாத நாட்களின் கணக்கு. என் இரண்டு போல்ட் பெட்டியும் ஐந்து மாதம் புகார் இல்லாமல் ஓடியது.

இன்னொன்று. கட்டிக் கொடுத்த மோட்டாரை அவர்கள் வேகத்தை மாற்றும் மின்கருவியான டிரைவில் போட்டு வேகத்தைக் குறைத்து ஓட்டப்போகிறார்களா என்று கேளுங்கள். வேகம் குறைந்தால் அதன் சொந்த ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், மோட்டார் சுடும். டிரைவோடு சேர்த்துச் சான்று பெறாத மோட்டாராக இருந்தால் அந்தப் பொறுப்பு அவர்களுடையது என்று எழுதி வாங்குங்கள்.

எங்களுடையது மைதா, ரவை மில். காஸும் இல்லை, கெமிக்கலும் இல்லை. இந்த விதியெல்லாம் எங்களுக்கு எதற்கு?

1785 டிசம்பர் 14. இத்தாலியின் டூரின் நகரத்தில் ஒரு ரொட்டிக் கடையின் மாவுக் கிடங்கு வெடித்தது. அங்கே மாவும் ஒரு விளக்கும்தான் இருந்தன. 1878-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் வாஷ்பர்ன் மாவு மில் வெடித்து 18 பேர் இறந்தார்கள். பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2008 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் போர்ட் வென்ட்வொர்த்தில் இம்பீரியல் சுகர் ஆலையில் சர்க்கரைத் தூள் வெடித்து 14 பேர் மாண்டார்கள். சர்க்கரையைக் கொட்டி வைக்கும் உயரமான சைலோக்களுக்குக் கீழே ஓடிய கன்வேயரைக் கொஞ்ச காலத்துக்கு முன்புதான் தகடு போட்டு மூடியிருந்தார்கள். தூள் உள்ளேயே மிதந்து அடர்ந்துவிட்டது. சூடேறிய ஒரு பேரிங்தான் பற்றவைத்திருக்கும் என்று விசாரணையில் முடிவுக்கு வந்தார்கள். முதல் வெடிப்பு சின்னது. அந்த அதிர்வில் உத்தரத்திலும் தரையிலும் வருஷக்கணக்கில் படிந்திருந்த தூள் கிளம்பி, அடுத்தடுத்து வெடித்தபடி கட்டடத்துக்குள் ஓடியது.

உங்கள் மில்லில் நாளைக்கு ஏணி போட்டு ஏறி, குழாயின் மேலும் உத்தரத்தின் மேலும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அடியில் இருக்கிற பெயிண்டின் நிறம் மறைந்திருந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை. மோட்டாரின் மேல் மாவு படிந்திருந்தால் அது கம்பளி போர்த்திய மாதிரி, சூடு வெளியே போக வழியில்லை. அதனால்தான் தூசிப் பகுதியில் கருவி தேர்ந்தெடுக்கும்போது, 5 மில்லிமீட்டர் படிவு எந்தச் சூட்டில் கனலத் தொடங்குமோ அதிலிருந்து 75 டிகிரி கழித்து மிச்சத்தைத்தான் மேற்பரப்பு எல்லையாக வைக்கிறார்கள்.

காஸுக்குச் செய்த எஃப்.எல்.பி. மோட்டாரை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தூசிக்குத் தொகுதி தனி, 'த்ரீ' என்று தொடங்கும். வேண்டியது தூசி உள்ளே புகாத கூடு. மின்சாரத்தோடும் முடிந்துவிடவில்லை. பக்கெட் எலிவேட்டரில் பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கி உடம்பில் உரசுவது, பேரிங் காய்ந்து சூடாவது, தானியத்தோடு வந்த ஆணி உள்ளே அடிபடுவது, இவையும் பற்றவைக்கும். மின்சாரமில்லாத கருவியையும் இப்படி மதிப்பிட 80079-36 என்று தரநிலை வந்திருக்கிறது. மாதம் ஒருமுறை பேரிங் சூட்டை அளந்து சாக்பீஸால் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த மாதம் வித்தியாசம் தானாகத் தெரியும்.

பெட்ரோல் பங்க்கில் செல்போன் பேசினால் தீப்பிடிக்குமா?

நாசிலுக்கு அருகில் வேண்டாம், அந்த இடத்துக்கான சான்று உங்கள் போனுக்குக் கிடையாது. ஆனால் என் கண் அதைவிட உங்கள் உடம்பில் ஏறும் நிலைமின்சாரத்தின் மேல்தான் இருக்கும். பெட்ரோல் ஆவி போன்றவற்றைப் பற்றவைக்க மில்லிஜூலில் கால் பங்கு போதும். கார் சீட்டிலிருந்து இறங்கிக் கதவைத் தொட்டதும் 'சுருக்'கென்று ஒரு அடி படுமே, அதில் அதைவிடக் கூடுதல் சக்தி இருக்கும். பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கும்போது காருக்குள் போய் உட்கார்ந்து, திரும்பி வந்து நாசிலைத் தொட்டதால் தீப்பிடித்த சம்பவங்கள் அமெரிக்காவில் பல பதிவாகியிருக்கின்றன. பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் வாங்குகிற பழக்கத்தை விடுங்கள்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் இறுதியாண்டு படிக்கும் மாணவி நான். உங்கள் துறைக்கு வர ஆசை. எங்கிருந்து தொடங்குவது? பெண்களை எடுத்துக்கொள்வார்களா?

வாம்மா. நான் கடைசியாகப் பயிற்சி கொடுத்த நான்கு பேரில் இரண்டு பேர் பெண்கள். அதில் ஒருவர் ஏணியில் நின்றபடி கிளாண்டின் மரையை எண்ணிச் சொல்லுவார். இந்த வேலைக்கு வேண்டிய குணம் அந்தப் பொறுமை.

முதலில் சரித்திரம் படி. வேல்ஸ் நாட்டில் செங்கனித் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் 1913 அக்டோபர் 14-இல் வெடித்து 439 தொழிலாளிகள் இறந்தார்கள். காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் சுரங்கத்துக்குள் மணி அடித்துச் சைகை காட்டும் வெறும் கம்பிகளில் எழுகிற பொறியின் மேல் சந்தேகம் விழுந்தது. பாட்டரியில் ஓடுகிற அந்தச் சின்ன மணியால் மீத்தேனைப் பற்றவைக்க முடியுமா என்று ஆராயப் போனார்கள். முடியும் என்று தெரிந்தது. எவ்வளவு குறைத்தால் முடியாது என்பதையும் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் அளவைக் கருவியான ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் நீலக் கேபிளில் போகிற, பொறி எழுந்தாலும் பற்றவைக்காத அளவுக்குச் சக்தி குறைத்த 'இன்ட்ரின்சிக் சேஃப்' சர்க்யூட் அங்கிருந்து வந்தது. நம் நாட்டில் இந்தக் கருவிகளைச் சோதித்துச் சொல்லுகிற பழைய இடங்களில் ஒன்று தன்பாதில் இருக்கும் மத்தியச் சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம். பெட்ரோலியம் விதிகளின்படி அனுமதி தருவது நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ.

பிறகு 60079-இன் 0, 1, 7, 11, 14, 17 ஆகிய பகுதிகள். உங்கள் கல்லூரி நூலகத்தில் கேள். ஒரே மூச்சில் படிக்க முடியாது. 17-இல் இருக்கும் பரிசோதனைப் பட்டியலை முதலில் படி. ஒவ்வொரு வரிக்கும் 'இது ஏன்' என்று உனக்கு நீயே கேட்டுக்கொண்டு மற்றப் பகுதிகளுக்குப் போ.

அதற்கு முன்னால் செலவு அதிகமில்லாத ஒரு வேலை. இடுக்கில் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட, 0.05 மில்லிமீட்டரில் தொடங்கும் ஃபீலர் கேஜ் ஒரு செட் வாங்கிக்கொள். உங்கள் மெஷின் லேபில் தூக்கிப்போட்ட எஃப்.எல்.பி. புஷ் பட்டனோ ஜங்ஷன் பாக்ஸோ நிச்சயம் ஒன்று கிடக்கும். ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, நான்கு போல்ட்டையும் முழுதாக இறுக்கி மூடியைச் சுற்றிலும் எந்தத் தகடு நுழைகிறது என்று பார். பிறகு இரண்டைக் கழற்றிவிட்டு, கழற்றிய மூலையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பியபடி மறுபடியும் பார். இரண்டு அளவையும் எழுதி எனக்கு அனுப்பு.